பட்டியலின் கடைசி வரி

என் பழைய மேசைக் கணினி அண்மையில் ஓய்வு பெற்றது. பழுதாகி அல்ல. அதிலிருந்த விண்டோஸ் 10 மென்பொருளுக்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11ஐ நிறுவ முயன்றபோது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை, செயலியும் பழையது என்று கணினியே மறுத்துவிட்டது. லினக்ஸ் போட்டுத் தரலாம் என்றான் மருமகன். பழகிய வழியை இந்த வயதில் மாற்ற மனம் இடந்தரவில்லை. ஆகவே பாகங்களை வாங்கிப் புதிதாக ஒன்றைப் பொருத்துவதென முடிவாயிற்று.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் புறப்படுமுன் மருமகன் ஒரு பட்டியலை நீட்டினான். முதலில் செயலி, அடுத்து கிராபிக்ஸ் அட்டை, அதன்பின் நினைவகம் என்று நீண்ட அப்பட்டியலின் கடைசி வரி இப்படி இருந்தது: "கேசிங், பவர் சப்ளை – ஏதாவது."

அந்த "ஏதாவது" என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது.

எனது முதலாவது சொந்தக் கணினியை 2001இல் வாங்கினேன். பென்டியம் 3 செயலி, 128 மெகாபைட் நினைவகம், 20 கிகாபைட் வன்தட்டு. அன்று அது பெரிய காரியம். கேசிங்கோடு சேர்ந்து வரும் வலுவழங்கியே போதும் என்றார் கடைக்காரர். யூ.பி.எஸ். வேண்டுமா என்றும் கேட்டார். செலவுக்கு அஞ்சி வேண்டாமென்றவன் நான்தான். வறட்சியால் நீர்மின் உற்பத்தி குறைந்து, நாடெங்கும் மின்வெட்டு நடைமுறையிலிருந்த காலம் அது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டது. அவ்வழியே யாழ்ப்பாணம் சென்றவர்களுள் நானும் ஒருவன். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சிதைந்திருந்த சாவகச்சேரியில் ஒரு முதியவரைச் சந்தித்தேன். வீடும் இல்லை, வேலியும் இல்லை. கிணற்றுக்கட்டை வைத்தே தம் காணியை அடையாளம் கண்டதாக அவர் சொன்னார். ஒரு மணிநேரத்துக்கு மேலாகப் பேசினார். அவரையும் இன்னும் பலரையும் வைத்து எட்டுக் கட்டுரைகள் எழுதத் திட்டமிட்டு, குறிப்புகள் அனைத்தையும் கொழும்பு திரும்பியதும் கணினியில் தட்டெழுதினேன். எழுதியாயிற்றே என்று குறிப்புப் புத்தகங்களைப் பழைய கடதாசிக்காரரிடம் போட்டுவிட்டேன்.

இரண்டு கட்டுரைகள் அச்சேறின. மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்த ஒரு மாலையில் மின்சாரம் நின்று, மீண்டும் வந்தது. கேசிங்கினுள் ஒரு வெடிச்சத்தம்; பின்னர் கருகிய மணம். வலுவழங்கி தான் போனதோடு வன்தட்டையும் கொண்டுபோய்விட்டது. தரவை மீட்க முடியாதென்று இரண்டு இடங்களில் கைவிரித்தார்கள். எஞ்சிய ஆறு கட்டுரைகள் எழுதப்படவே இல்லை. நடந்தவை நினைவிலிருந்தன, அவர்கள் சொன்ன சொற்கள் இல்லை. ஒரு செய்தியாளனுக்கு இது சிறு வேறுபாடன்று.

இதை மருமகனுக்குச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவன், "அப்ப நீங்களே பட்டியலைத் திருத்துங்கோ மாமா" என்றான். நான் அதைத் தலைகீழாக்கினேன்.

முதலில் வலுவழங்கி. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றி ஒவ்வொரு பாகத்துக்கும் ஊட்டுவது இதுவே. இதன் கட்டுப்பாடு தவறினால், இணைந்திருக்கும் எதுவும் தப்புமென்று சொல்ல முடியாது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய வாட் எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. மிகையழுத்தம், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்கெதிரான பாதுகாப்பு உண்டா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதைப் பார்க்கவேண்டும். "80 பிளஸ்" என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்லுமே தவிர, பாதுகாப்பை உறுதி செய்யாது. என் தேவைக்கு நல்ல தரத்தில் 450 வாட் தாராளம்.

அடுத்தது யூ.பி.எஸ். 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருளில் மூழ்கியபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் புகுந்த குரங்கொன்றே காரணம் என்று அமைச்சர் கூறியதும் நினைவிருக்கும். 650 வி.ஏ. என்று எழுதியிருக்கும் யூ.பி.எஸ். 650 வாட் தரும் என்று எண்ணிவிடாதீர்கள். பல மாதிரிகள் 400 வாட்டுக்கும் குறைவாகவே தருகின்றன. எழுதியதைச் சேமித்து, ஒழுங்காக அணைக்கச் சில நிமிடங்கள் கிடைத்தால் போதும். லேசர் அச்சுப்பொறியை அதில் இணைக்கக் கூடாது. அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரம் அதிகம். மின்கலம் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும், மாற்றவேண்டும். சித்திரை மாத இடிமின்னலுக்கு யூ.பி.எஸ்.ஸை நம்பியிருக்கக் கூடாது. செருகியைக் கழற்றிவிடுவதே வழி. இணைய இணைப்பின் கம்பியையும் சேர்த்து.

செயலிக்கு அதன்பிறகே வந்தோம். நான் கட்டுரை எழுதுபவன், செய்தி வாசிப்பவன், பழைய படங்களைப் பார்ப்பவன். இன்டெல் கோர் ஐ3 12100 போன்ற நான்கு கருக்கள் கொண்ட செயலி இதற்கு மிகையே. அதனுள்ளேயே கிராபிக்ஸ் வசதி இருப்பதால் தனி அட்டை தேவையில்லை. ஒரு கவனம்: அதே எண்ணின் முடிவில் "எஃப்" என்ற எழுத்து இருந்தால் அந்த வசதி கிடையாது. சற்று மலிவாக இருக்கிறதே என்று அதை வாங்கினால் திரையில் ஒன்றும் தெரியாது. நினைவகம் 8 கிகாபைட்டில் இரண்டு. ஒரே 16ஐ விட இரண்டு வழிகளில் இயங்குவது வேகம். தாய்ப்பலகை எந்தத் தலைமுறை நினைவகத்தை ஏற்கும் என்பதைப் பார்த்தே வாங்கவேண்டும். டி.டி.ஆர். 4க்குரிய துளையில் டி.டி.ஆர். 5 பொருந்தாது.

"மாமா, கிராபிக்ஸ் காசு மிஞ்சுது. என்ன செய்யிறது?" என்றான் மருமகன். திரைக்கும் விசைப்பலகைக்கும் போட்டோம். கண்ணும் விரலும் நாள் முழுவதும் உறவாடுவது அவற்றோடுதான். உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய 24 அங்குலத் திரை ஒன்று. விசைப்பலகையைக் கடையிலேயே அழுத்திப் பார்த்து வாங்கினேன். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிப் பழகிய விரல்கள் என்னுடையவை. அதே விசையமைப்பில் தட்டி ஒருங்குறியில் எழுத இப்போது மென்பொருள்கள் உண்டு. ஆகவே பழக்கத்தை விடாமலே பாமினியை விட முடிந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் என் பழைய கோப்புகள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. அவற்றையும் சிறிது சிறிதாக மாற்றி வருகிறேன்.

கடைசியாகச் சேமிப்பு. இயங்குதளத்துக்கு வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்று. கோப்புகளின் இரண்டாவது பிரதிக்கு வெளியே இணைக்கும் வன்தட்டு ஒன்று. எஸ்.எஸ்.டி.யை மின்னிணைப்பின்றிப் பல ஆண்டுகள் அலுமாரியில் வைத்தால் தரவு அழியக்கூடும் என்பதால், பிரதிக்கு வன்தட்டையே தெரிவு செய்தேன். மூன்றாவது பிரதி மருமகன் வீட்டில் இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பிரதிகள் இருந்தால், தீக்கும் திருட்டுக்கும் அவை ஒரே பிரதிதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறைக்கு இதை எவரும் விளக்கவேண்டியதில்லை. இருந்தும் நான் 2002வரை கற்றுக்கொள்ளவில்லை.

புதிய கணினியில் முதலில் எழுதத் தொடங்கியது சாவகச்சேரி முதியவரைப் பற்றித்தான். அவர் இன்று உயிரோடு இல்லை. கிணற்றுக்கட்டைத் தடவியபடி அவர் நின்றதை எழுதினேன். அவர் பேசியதாக ஒரு வரியைக்கூட மேற்கோட்குறிக்குள் இடவில்லை. அந்த உரிமையை நான் யூ.பி.எஸ். வேண்டாமென்று சொன்ன அன்றே இழந்துவிட்டேன்.