டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒரு நோட்டும்



"டீச்சர், எங்க செட் குரூப் போட்டோவை எப்போ போடுவீங்க?" என்று பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். தாமதத்துக்குக் காரணம் என் கம்ப்யூட்டர். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் பொறுத்துக்கொண்ட மாதிரி இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன. ஆல்பங்கள் நனைந்து பாதிப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. தப்பிய படங்களைத்தான் ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துவந்தேன். போன கோடையில் கம்ப்யூட்டர் படுத்த ஆரம்பித்தது. சில நேரம் திரை அப்படியே உறைந்துவிடும், மவுஸ் அசையாது. சில நேரம் கரண்ட் போன மாதிரி பட்டென்று அணைந்துவிடும். எப்போது செய்யும் என்று சொல்லவே முடியாது.

விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னார் ஒருவர். மதர்போர்டே போய்விட்டது என்றார் இன்னொருவர். மகள் வீட்டுக்குச் சிதம்பரம் போனபோது சிபியூவைக் காரில் வைத்து எடுத்துப்போய், அங்கே கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவனிடம் கொடுத்தேன். இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தான். ஒரு தடவைகூட நிற்கவில்லை. "ஸ்கூலுக்குக் கிளம்பும்போது மட்டும் வயித்து வலி வர்ற பிள்ளை மாதிரி இருக்கு டீச்சர்" என்று சிரித்தான். கடலூர் திரும்பிய மூன்றாம் நாள் மறுபடி நின்றது.

போனில் மூன்று விஷயம் சொன்னான். முதல் வேலையாகப் படங்களையெல்லாம் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். எப்போது நிற்கிறது என்று எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் அறிவியல் பாடத்தில் அவனுக்குச் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொன்னான்!

நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டேன். தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், உறைந்ததா அணைந்ததா. இப்படி எழுதுவது புதிதல்ல. 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 கணினிக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அங்கிருந்தவர்கள் அதை எடுத்து, நேரத்தோடு குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டு வாரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. பட்டென்று அணைந்ததெல்லாம் மதியம் இரண்டு மணிக்கு மேல், படங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது. உறைந்தது மட்டும் கண்ட நேரத்தில், காலையில் போட்ட பத்தாவது நிமிடத்தில்கூட. ஒரு நோய் என்று நினைத்தேன், இரண்டு நோய் இருந்திருக்கிறது. விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று உண்டு. அதில் அணைந்த நாளிலெல்லாம் "கெர்னல் பவர் 41" என்று இருந்தது. முறையாக மூடாமல் அணைந்தது என்பதை அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

முதலில் சூடு. சிபியூவை மேசைக்குள் கதவு போட்ட அறையில் வைத்திருந்தேன். கடையில் அது ஏசி அறையில், திறந்த மேசை மேல் இருந்தது. பேரன் வந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், விசிறிக்குக் கீழே தூசி பாய் விரித்திருக்கிறது. பிராசசர் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுமாம். தூசி தட்டி, காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றி, வெளியே எடுத்து வைத்தோம். அன்றிலிருந்து அணையவில்லை. ஆனால் உறைவது நிற்கவில்லை.

அடுத்து ராம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போக கேபினெட் இரும்பைத் தொட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும். இரண்டு ராமையும் தனித்தனியாகப் போட்டு, மெம்டெஸ்ட் என்ற சோதனையை ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். ஒன்றில் பிழை காட்டியது. எடுத்துப் பார்த்தால் பொன்னிறப் பட்டைகள் மங்கிக் கிடந்தன. கடற்கரை வீட்டில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும்போது இது எம்மாத்திரம்! "ரப்பர் இருக்கா ஆயா?" என்றான் பேரன். டீச்சர் வீட்டில் ரப்பருக்கா பஞ்சம்? மெதுவாகத் தேய்த்துத் துடைத்து அழுத்திப் பொருத்தினோம். மறுபடி சோதித்ததில் பிழை இல்லை. காரில் குலுங்கியதில் பட்டை தற்காலிகமாகச் சரியாகப் பதிந்திருக்கும், அதனால்தான் கடையில் நிற்கவில்லை என்பது சிதம்பரத்து மாணவனின் கணிப்பு. நான்கு மாதமாக ஒழுங்காக ஓடுகிறது.

நோட்டை மூடி வைக்கும்போது ஒரு பையனின் முகம் நினைவுக்கு வந்தது. கடலூர் முதுநகரில் எட்டாம் வகுப்பு. சில நாள் முதல் ஆளாகக் கை தூக்குவான், சில நாள் பெஞ்சிலேயே தூங்கிவிடுவான். திமிர் என்று நினைத்து ஸ்கேலால் அடித்திருக்கிறேன். அம்மாவோடு விடியற்காலை மூன்று மணிக்குத் துறைமுகத்தில் மீன் கூடை தூக்கப் போன நாட்களில்தான் தூங்கினான் என்பது, அவன் பள்ளியை விட்டு நின்ற பிறகே எனக்குத் தெரிந்தது. வருகைப் பதிவேடு தினமும் என் கையில்தான் இருந்தது. எந்தெந்த நாள் தூங்குகிறான் என்று ஓரத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. இயந்திரத்துக்கு இரண்டு வாரம் பொறுத்திருந்த எனக்கு, அந்தப் பிள்ளையிடம் இரண்டு நிமிடம் பொறுமை இருக்கவில்லை.

தம்பி, இதை நீ படித்தால் டீச்சரை மன்னித்துவிடு. உங்கள் செட் போட்டோ நனையாமல் கிடைத்திருக்கிறது. மூன்றாவது வரிசையில் இடது ஓரமாக நிற்கிறாய். ஞாயிற்றுக்கிழமை எல்லாப் படங்களையும் போடுகிறேன். உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்