பத்து ரூபாயில் நாலு லைப்ரரி!

மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யர் போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் இரண்டு நல்ல காரியங்கள் செய்தார். ஒன்று, லஸ்ஸில் ரானடே நூலகம் உருவாகக் காரணமாக இருந்தார். இரண்டு, 1906-ல் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி, ஊர் ஜனங்கள் சேமிப்பைப் பறிகொடுத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, ‘நமக்கென்று ஒரு பேங்க் வேண்டாமா?’ என்று கிளம்பினார். 1907-ல் இந்தியன் பேங்க் பிறந்தது.

நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. பேங்க் இன்று என் சட்டைப் பாக்கெட்டுக்குள் வந்துவிட்டது. பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சில் தேவுடு காத்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. சரி, அவருடைய இன்னொரு பிள்ளையான லைப்ரரி என்ன ஆச்சு? அதுவும் பாக்கெட்டுக்கு வந்ததா, இல்லை இன்னமும் நாமேதான் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போகவேண்டுமா?

இந்தக் கேள்வி எனக்கு வந்ததற்குக் காரணம் ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பர். தி.நகர்வாசி. பெயர் போட்டால் உதைப்பார்.

நண்பரின் அப்பாவுக்கு 78 வயது. ரிட்டயரான நாளிலிருந்து தினம் காலையில் கிளை நூலகத்துக்கு நடந்துபோய், பேப்பர் பார்த்து, நாலு பேரோடு அரசியல் பேசி, ஒரு புஸ்தகமும் கையுமாகத் திரும்பி வருவது வழக்கம். இரண்டு வருஷமாக முழங்கால் ஒத்துழையாமை இயக்கம் நடத்துகிறது. கண்ணில் வேறு புரை ஆபரேஷன். “உ.வே.சா.வோட ‘என் சரித்திரம்’ இன்னொரு தடவை படிக்கணும்டா” என்று பிள்ளையை நச்சரிக்கிறார்.

நண்பர் இரண்டு சனிக்கிழமை போய்ப் பார்த்தார். முதல் தடவை பூட்டு. இரண்டாவது தடவை, “வெளியே போயிருக்கு சார்.” எப்போது வரும்? நோட்டைப் பார்க்கவேண்டும். நோட்டு பீரோவில். பீரோ சாவி, லீவில் போனவரிடம்! (எந்த நூலகம் என்று கேட்காதீர்கள். உள்ளே இருந்தவர் பாவம், ஒற்றை ஆளாகப் பெருக்கவும், பேப்பர் கட்டவும், பதில் சொல்லவும் அல்லாடிக்கொண்டிருந்தார்.)

“பேங்க் பேலன்ஸை ராத்திரி ரெண்டு மணிக்குக்கூடப் பார்க்கலாம் சார். ஒரு புஸ்தகம் உள்ளே இருக்கா வெளியே இருக்கான்னு தெரிஞ்சுக்க முடியலை!” என்று பொரிந்தார் நண்பர்.

ஆளுக்கொரு கேஷுவல் லீவ் மிச்சமிருந்தது. “வாங்க, தென் சென்னையில லைப்ரரிகளெல்லாம் எப்படி இருக்குன்னு ஒரு ரவுண்டு பார்த்துட்டு வருவோம்” என்றேன். வாகனம், பறக்கும் ரயில்.

லஸ்ஸை மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளம் தாண்டி, பலகை தாண்டி ரானடே நூலகத்தை அடைந்தோம். இதே இடத்து ஸ்ரீனிவாச சாஸ்திரி ஹாலில் கச்சேரி கேட்டிருக்கிறேன், கூட்டம் கேட்டிருக்கிறேன், தூங்கியும் இருக்கிறேன். ஊர்க்காரர்கள் தாங்களே சேர்ந்து நூலகம் வைத்துக்கொண்ட காலத்தின் சாட்சி இது. “அன்னிக்கு ஒரு வக்கீலுக்கு இதுக்கெல்லாம் நேரம் இருந்திருக்கு பாருங்க” என்றார் நண்பர். அவர் செல்போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே சொன்னதுதான் விசேஷம்.

திருமயிலை ஸ்டேஷன். டிக்கெட் 5 ரூபாய். இந்த ரயிலே தவணை முறையில் வந்ததுதான். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997-ல் இங்கே, 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. மந்தைவெளி, கிரீன்வேஸ் ரோடு தாண்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு அடையாற்றைக் கடந்தால் கோட்டூர்புரம்.

அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பார்த்ததும் நண்பர் வாயைப் பிளந்தார். 2010 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று திறந்தது. 8 ஏக்கர், ஒன்பது மாடி, 12 லட்சம் புத்தகம் வைக்க இடம். 2011 நவம்பரில் இதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அப்போதைய அரசு அறிவித்து, ஹைகோர்ட் தடை போட்டு, கட்டடம் பிழைத்தது ஊருக்கே தெரிந்த கதை. தரைத்தளத்தில் பார்வையற்றவர்களுக்கான பிரெய்ல் பிரிவு. முதல் மாடியில் குழந்தைகளுக்கென்று ஒரு செயற்கை மரம். அதன் நிழலில் வாண்டுகள். மற்ற மாடிகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் பட்டாளம். நாம் தும்மினால்கூட முறைக்கிறார்கள்.

இங்கே சனிக்கிழமை சாயங்காலங்களில் ‘பொன்மாலைப் பொழுது’ என்று எழுத்தாளர்களையும் அறிஞர்களையும் அழைத்துப் பேசவைக்கிற நிகழ்ச்சி நடந்துவந்திருக்கிறது. வரமுடியாதவர்கள் பேச்சுகளை யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். அதாவது, நூலகம் சுவரைத் தாண்டிக் குதிப்பதில் முதல் குதி!

லைப்ரரி என்ற பேச்சு வந்தால் எஸ்.ஆர். ரங்கநாதனை விட்டுவிட்டுப் பேசமுடியாது. சீர்காழியில் பிறந்தவர். பிரசிடென்சி கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஆரம்பத்தில் வேலை பிடிக்காமல், ‘மறுபடி கணக்கு சொல்லிக்கொடுக்கவே போய்விடுகிறேன்’ என்று தவித்தவர். பிறகு இங்கிலாந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, உலகமே பின்பற்றும் ஐந்து விதிகளை 1931-ல் புத்தகமாக வெளியிட்டார். அதில் நாலாவது விதி: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து.

“நாலாவது விதி நம்ம பீரோ சாவிக்குத் தெரியாது போலிருக்கே” என்றார் நண்பர்.

தெரியவைப்பது ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண், முதுகில் ஒரு பார்கோடு. எடுத்துப் போனால் கம்ப்யூட்டரில் ஒரு தட்டு, திரும்பி வந்தால் ஒரு தட்டு. அந்தப் பட்டியலை இணையத்தில் திறந்துவைத்துவிட்டால், தி.நகரில் ஈஸிசேரில் சாய்ந்தபடியே ‘உள்ளே இருக்கிறது’ என்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம். இதற்கு ஸாஃப்ட்வேர் வாங்கக் கோடி ரூபாயும் வேண்டாம். நியூஸிலாந்தில் ஒரு சின்ன வட்டாரத்து நூலகங்கள் 1999-ல், பழைய கம்ப்யூட்டர் முறை இனி உதவாது என்று தெரிந்து, புதிதாக ஒன்றை எழுதவைத்தன. பெயர் ‘கோஹா’. மாவோரி மொழியில் ‘அன்பளிப்பு’ என்று அர்த்தம். பெயருக்கேற்றபடி உலகத்துக்கே இலவசம். இந்தியாவிலும் ஏராளமான நூலகங்களில் ஓடுகிறது. செலவு கம்ப்யூட்டருக்கும், கனெக்‌ஷனுக்கும், உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாகப் பதிகிற ஆளுக்கும்தான். கடைசிச் செலவுதான் பெரிசு. அதைத்தான் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அதே காந்தி மண்டபம் சாலையில் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. 2017-ல் இவர்கள் திறந்த தமிழ் மின்னூலகத்துக்கு மாடியும் கிடையாது, படியும் கிடையாது. பழைய நூல்கள், பத்திரிகைகள், சுவடிகள் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறார்கள். காசு கேட்பதில்லை. இதற்கெல்லாம் முன்னோடி, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். ஸ்விட்ஸர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும், வெளிநாட்டுத் தமிழர்கள் பலரும், ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரியில் தமிழ் நூல்களைச் சம்பளமில்லாமல் டைப் அடித்து ஏற்றினார்கள்.

வாசல் மரத்தடியில் நின்றபடி நண்பர் போனில் ‘என் சரித்திரம்’ என்று தட்டினார். அரை நிமிஷம். வந்துவிட்டது! 1940 முதல் ‘ஆனந்த விகட’னில் வாராவாரம் வந்த அதே சரித்திரம். இரண்டு விரலால் இழுத்தார். எழுத்து கொட்டைப்பாக்கு சைஸுக்குப் பெருத்தது.

“அப்பா கண்ணுக்கு இதான் சார் சரி!” என்றார். குரல் கொஞ்சம் கம்மியது போலிருந்தது. தூசியாக இருக்கலாம்.

அடுத்த 5 ரூபாய் டிக்கெட், திருவான்மியூருக்கு. எதிரே டைடல் பார்க். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கழுத்தில் அட்டையோடு உள்ளே போகிறார்கள், வெளியே வருகிறார்கள். அதன் பின்பக்கம் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? செட்டிநாட்டுக் கோட்டையூரில் போர்டு எழுதும் ஓவியராக இருந்தவர் முத்தையா. புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தார். ‘குப்பை’ என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்களோ! 1992-ல் அவர் காலமான பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்து, 1994-ல் நூலகமாக்கினார்கள். மைக்ரோஃபிலிமில் பிரதி எடுத்தார்கள். பிறகு ஸ்கேனிங் வந்தது.

“எதுக்கு சார் இவ்வளவு பிரதி?”

யாழ்ப்பாணத்தைக் கேட்டால் சொல்லும். 1981-ல் அந்தப் பொது நூலகத்தை எரித்தபோது சுமார் 97 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின. இன்னொரு பிரதி இல்லாத சுவடிகளும் அதில் உண்டு. கட்டடத்தை மறுபடி கட்டிவிட்டார்கள். சுவடிகளை யார் மறுபடி எழுதுவது? அந்த வலியைச் சுமந்தவர்கள்தான் 2005-ல் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. 2023 அக்டோபரில் லண்டனின் பிரிட்டிஷ் நூலகத்தை இணையத் திருடர்கள் தாக்கினார்கள். கேட்லாக் மாதக்கணக்கில் முடங்கியது. புத்தகங்கள் அலமாரியில் பத்திரம். எது எங்கே என்று தேடத்தான் வழியில்லை! காகிதமும் வேண்டும், கம்ப்யூட்டரும் வேண்டும். ஒன்றுக்கு ஒன்று ஜாமீன்.

கடைசியாக பெசன்ட் நகர். (ஆட்டோ எவ்வளவு என்று கேட்காதீர்கள். தலைப்பு கெட்டுவிடும்.) 1943-ல் ருக்மணி தேவி அருண்டேல் முயற்சியில் தோன்றிய உ.வே. சாமிநாதையர் நூல் நிலையம். தாத்தா சேர்த்த ஓலைச்சுவடிகள் இங்கேதான். சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போனபோது, கோயிலில் இருந்த பழைய ஏடுகளைச் சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து அக்கினியில் போட்டுவிட்டதாக அவருக்குச் சொன்னார்கள். துடித்துப்போனார் மனிதர். ஊர் ஊராக வண்டியிலும் கால்நடையாகவும் போய், மிச்சத்தைத் தேடி எடுத்து அச்சேற்றினார். இப்போது அதே வேலையை ஸ்கேனர் செய்கிறது. நமக்கு வெயில் மிச்சம்.

திரும்பும் ரயிலில் நண்பர் ஒரு லிஸ்ட் போட்டார். ஒன்று: ஒவ்வொரு கிளை நூலகமும் செல்போன் மேப்பில் இருக்கவேண்டும், திறக்கும் நேரத்தோடு. (டீக்கடைக்கே போட்டோவும் நட்சத்திரமும் இருக்கிறது!) இரண்டு: கேட்லாக் இணையத்தில் வேண்டும். மூன்று: ‘நீங்கள் கேட்ட புத்தகம் வந்துவிட்டது’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. நாலு: தவணையை நீட்டிக்க ஒரு பட்டன்.

“ஆசைப்படறதுக்கு நமக்கு என்ன ரைட் இருக்கு சார்?” என்று இழுத்தார்.

இருக்கிறது! சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் நம்ம மாகாணத்தில்தான் வந்தது. அதன்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. சொந்த வீட்டுக்காரர் நேராகக் கட்டுகிறார். நாம் வாடகையோடு சேர்த்துக் கட்டுகிறோம். காசு கொடுத்த ஓட்டலில் சாம்பார் கேட்கக் கூச்சப்படுகிறோமா என்ன?

போன் இல்லாதவர்கள், போன் பழகாதவர்கள்? அவர்களுக்கும் வழி உண்டு. 1931-ல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். ஆன்லைனுக்கு அப்பன் அந்த மாட்டுவண்டிதான். அதன் இன்றைய வாரிசு, 2022-ல் தமிழக அரசு தொடங்கிய ‘நூலக நண்பர்கள்’ திட்டம். நூலகத்துக்கு வரமுடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

ஒரு வாரம் கழித்து நண்பரிடம் கேட்டேன்: “அப்பா ‘என் சரித்திரம்’ படிச்சாச்சா?”

“முக்கால்வாசி முடிச்சுட்டார். ரொம்ப சந்தோஷம். ஆனா புதுசா ஒரு பிரச்னை.”

“என்ன?”

“படிச்சதைப் பத்திப் பேச ஆள் வேணுமாம். லைப்ரரி பெஞ்சுல உட்கார்ந்திருப்பாங்களே அந்த நாலு பேர், அவங்க வேணுமாம். சனிக்கிழமை நான் பைக்ல கொண்டு விட்டுட்டு வரணும்னு ஆர்டர்!”

போன சனிக்கிழமை கொண்டுபோய் விட்டிருக்கிறார். பெரியவர் பையிலிருந்து போனை எடுத்து, கொட்டைப்பாக்கு எழுத்தில் உ.வே.சா.வைக் காட்டியிருக்கிறார். நாலு பேரும் சுற்றிக்கொண்டார்களாம். “எப்படிய்யா இது? எனக்கும் போட்டுக் கொடு!”

அந்த ஒற்றை ஆள் நூலகரும் எட்டிப் பார்த்துவிட்டு, பெஞ்சிலிருந்த ஐந்து பேருடைய நம்பரையும் வாங்கி அங்கேயே ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்துவிட்டார்.

முதல் செய்தி: ‘பீரோ சாவி வந்துவிட்டது.’