மணிபல்லவத்தில் தனித்தவன்

தீவில் தனித்து அகப்பட்டோர் கதை என்றதும் நம் இளைஞர்களுக்கு நினைவில் எழுவது, 2004 முதல் 2010 வரை ஓடிய 'லாஸ்ட்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். இவ்வகைக் கதைகட்கு மூதாதை, 1719இல் டேனியல் டீஃபோ எழுதிய இராபின்சன் குரூசோ. தனக்கு நேர்ந்த நன்மை தீமைகளை வரவு செலவுபோல் இரு பத்தியாக எழுதிவைக்கிறான் குரூசோ. கோப்புகளோடு வாழும் நமக்கு அவன்மேல் ஒரு பரிவு உண்டு. ஆயினும், கண்ட மனிதனின் பெயரையும் கேளாமல் 'வெள்ளிக்கிழமை' எனப் பெயரிட்டு, தன்னை ஆண்டான் என அழைக்கவும் கற்பித்தான்! 1986இல் கூட்சி எழுதிய 'ஃபோ' நாவலில் அந்த வெள்ளிக்கிழமைக்கு நாவே இல்லை. அங்குள்ள குரூசோ, விதைக்க ஒரு மணி விதையுமின்றி மலைச்சரிவில் கல்லடுக்கிப் பாத்தி கட்டுகிறான்.

விதையற்ற அப்பாத்தியைப் படித்தபோது நமக்கு ஆபுத்திரன் நினைவு வந்தது. மணிமேகலையில் அவன் கையில் இருப்பது அள்ளக் குறையாத அமுதசுரபி. வற்கடம் உற்ற சாவகத்தார்க்கு உணவிடக் கப்பலேறினான். காற்று மிகுந்ததால் கப்பல் மணிபல்லவத்தில் தங்கிற்று. கரையில் இறங்கியவன் ஏறிவிட்டான் எனக் கருதி, இரவில் புறப்பட்டும் போயிற்று. குரூசோவாயின் மகிழ்ந்திருப்பான்: ஆயுள் முழுமைக்கும் சோறு! ஆபுத்திரனோ, ஏற்பாரின்றித் தான் மட்டும் உண்ண மனமின்றி, ஆண்டுக்கொரு நாள் தோன்றுக எனக் கூறிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

அதே காப்பியத்தில் சாதுவன் என்பானும் உளன். பொருளைச் சூதில் தொலைத்தவன். கலம் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கினான். தின்ன வந்த நாகரிடம் அவர்தம் மொழியிலேயே பேசினான், பிழைத்தான். கள்ளையும் கொலையையும் விலக்குமாறு அவர் தலைவனோடு வாதிடவும் அம்மொழியே உதவிற்று.

பிழைப்பு நாடி ஐதராபாத் வந்த நாம், கடைத்தெருவில் பேரம் பேசும் அளவிலேனும் தெலுங்கு கற்றுச் சாதுவன் வழி நடந்தோம். நம் பிள்ளைகளோ தெலுங்கும் இந்தியும் தடையின்றிப் பேசுகின்றனர். ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழை மட்டும் நம்மிடம் நீட்டிப் படிக்கச் சொல்கின்றனர். வீட்டு அலமாரியில் மணிமேகலை இருக்கிறது. ஏற்கும் கை எங்கே என்று ஆபுத்திரன் கவன்றது அப்போது நமக்கு விளங்குகிறது.

அவனுக்குப் பின் ஆண்டுதோறும் வைகாசி விசாகத்தன்று அப்பாத்திரம் நீரின்மேல் தோன்றிற்று. அதை ஏந்த முடிவில் வந்தவள், பூம்புகாரிலிருந்து வந்த ஓர் இளம்பெண்.