ஒத்து

மின்விசிறி நின்றபோதுதான் தெரிந்தது, இவ்வளவு நேரமும் அதன் ரீங்காரத்தையும் பாட்டோடு சேர்த்தே கேட்டுக்கொண்டிருந்தேன் என்று. பாளையங்கோட்டையில் கரண்ட் போன ராத்திரி. ஹெட்போனில் எலியான் ராதீக் என்ற பிரெஞ்சு அம்மாளின் ‘கைலாஷா’. ஏஆர்பி 2500 என்ற சிந்தசைசரை வைத்துக்கொண்டு, விபத்தில் போன மகனை நினைத்துச் செய்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம். மெட்டு கிடையாது, தாளம் கிடையாது. ஒலி அசைகிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. ஆனால் பத்து நிமிஷம் கழித்துக் கேட்டால் வேறெங்கோ வந்து நிற்கிறது.

“என்னத்த கேக்கிய? நெல்லு மில்லு ஓடுத மாதிரில்லா இருக்கு” என்றாள் மனைவி, ஒரு காதில் வைத்துப் பார்த்துவிட்டு. தப்பில்லை. எனக்கும் அதைக் கேட்டுக் கயிலாயம் நினைவுக்கு வரவில்லை. சேரன்மகாதேவிதான் வந்தது. நவகயிலாயத்தில் அதுவும் ஒன்று என்பது பிறகு உறைத்தது.

அங்கே ஆச்சி வீடு. சாமி புறப்பாடென்றால் நாயனக்காரர் முன்னால், தவில் பக்கத்தில், ஒத்துக்காரத் தாத்தா எல்லாருக்கும் பின்னால். ஒத்து பார்க்க நாயனம் போலவே இருக்கும். விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது; ஒரே சுரம்தான். அடிப்பக்கத்துத் துளைகளில் மெழுகை அப்பியும் எடுத்தும் சுருதி சேர்ப்பார். கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். அந்தக் காற்றை வாயால் தள்ளும்போதே மூக்கால் மூச்சு இழுத்துக்கொள்வார். ஒலி அறாது. நாங்கள் எதிரே நின்று புளியங்காய் கடிப்போம், எச்சில் ஊறி நாயனம் பிசகட்டும் என்று. நாயனக்காரர் முறைப்பார். தாத்தா கண்ணையே திறக்க மாட்டார்.

அடுத்த ஊர்தான் காருகுறிச்சி. 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் ஜானகி குரலோடு போட்டி போட்ட அருணாசலத்தின் நாயனத்தைப் பற்றிப் பேச அந்தப் பக்கம் எத்தனையோ பேர் உண்டு. பின்னால் நின்று ஒத்து ஊதியவரைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. ‘ஒத்து ஊதுகிறவன்’ என்பது நம்மிடம் வசை வேறு. தானாக ஒன்றும் சொல்லத் தெரியாதவன் என்று அர்த்தம். ஒருநாள் ஊதிப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான்.

அமெரிக்காவில் லா மான்டி யங் என்ற இசையமைப்பாளர் 1960இல் இரண்டே சுரத்தை எழுதி, நெடுநேரம் பிடித்திருங்கள் என்று அடியில் குறித்தார். நம் கணக்கில் அது சட்ஜமும் பஞ்சமும். பத்து வருஷம் கழித்து இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிராண்நாத்திடம் சீடராகச் சேர்ந்தார். பின்வரிசை ஒலியை முன்வரிசைக்குக் கொண்டுவந்ததற்கு அவருக்குப் பேர் கிடைத்தது.

இப்படிப்பட்ட ஒலிக்குக் காது பழகினால் சுத்தமல்லி அணைக்கட்டே போதும். தண்ணீர் நிறைந்து வழியும் நாளில் கரையில் உட்கார்ந்தால் முதலில் வெறும் இரைச்சல். கால் மணி நேரம் போகட்டும். அந்த இரைச்சலுக்குள் கூப்பிடும் குரல், குலவை, எங்கேயோ ஒரு நாயனம் எல்லாம் கேட்கும். எல்லாம் காது கட்டுகிற கதை. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது கேட்டது வேறு சத்தம்; அதை இதோடு சேர்க்க மனசில்லை.

போன ஆவணியில் ஒரு கல்யாணம். நாயனக்காரரிடம், “ஒத்து வரலியா?” என்றேன். சட்டைப் பையிலிருந்த போனைத் தட்டிக் காட்டினார். உள்ளே சுருதி ஓடிக்கொண்டிருந்தது. “ஆள் கூட்டிட்டு வந்தா கட்டாது அண்ணாச்சி. இதுலயே வச்சுக்கிடுதோம்.” சுருதி துல்லியமாகத்தான் இருந்தது. மூச்சு இழுக்கும் இடத்தில் வரும் அந்தச் சின்ன நடுக்கம் மட்டும் இல்லை. ராதீக் அம்மாள் சிந்தசைசரில் அந்த நடுக்கத்தைத்தான் தேடியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

கரண்ட் வந்து மின்விசிறி மறுபடி சுற்றியது. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். தாத்தாவின் பேர் என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ‘ஏ, ஒத்து!’ என்றுதான் ஊரே கூப்பிட்டது. நாங்களும்தான்.