நடுமுற்றம் உள்ள வீடு

போன கிழமை தரம் 8 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கண்டி டவுனில் இருக்கும் எஹெலேபொல வளவ்வவுக்குப் போனோம். தலதா மாளிகைக்குப் பக்கத்தில்தான். நாம் எத்தனை தரம் அந்தப் பாதையால் போயிருப்போம், உள்ளே போனவர்கள் எத்தனை பேர்?

தடித்த சுவர், ஓட்டுக்கூரை, மரத்தூண், நடுவில் வானம் தெரியும் முற்றம். முற்றத்தைச் சுற்றி அறைகள். வெளிச்சமும் காற்றும் நடுவிலிருந்துதான் வருகிறது. ஃபேன் இல்லாத காலத்து மூளை. நாம் வளவு என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கு உறவுக்காரச் சொல்தான் வளவ்வ.

வீட்டுக்காரர் எஹெலேபொல, மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் முதலமைச்சர். மன்னனோடு பகைத்துக்கொண்டு ஆங்கிலேயர் பக்கம் போனார். 1814இல் அவருடைய பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள், மனைவி போகம்பரை வாவியில் மூழ்கடிக்கப்பட்டார். பயந்து நின்ற நானாவைத் தள்ளி முன்னால் வந்த மத்தும பண்டாரவின் கதை எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம். அடுத்த வருடம் 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம். எஹெலேபொலவும் கையொப்பமிட்டார். அதே ஆங்கிலேயர் பிறகு அவரையே மொரீசியஸுக்கு நாடுகடத்தினார்கள். 1829இல் அங்கேயே மௌத்தானார். வீடு சிறைச்சாலையானது. இப்போது உள்ளே மெழுகுச் சிலைகள்.

என்னுடைய எண்ணம், அந்த வீடு தப்பியதே சிறையாக இருந்ததால்தான். அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டதால் கூரையைக் கவனித்தார்கள். பாசம் வைத்த வீடுகள்தான் முதலில் இடிகின்றன.

திரும்பி வரும்போது ஒரு பிள்ளை கேட்டாள், "சேர், எங்கட ஊர்ல இப்பிடி வீடு இல்லையா?"

அக்குறணையில் எங்கள் உம்மம்மா வீட்டிலும் நடுமுற்றம் இருந்தது. மழைக்குப் பாத்திரம் வைப்போம், பெருநாளைக்கு முழுக் குடும்பமும் முற்றத்தைச் சுற்றிச் சாப்பிடுவோம். ஆறு வருடத்துக்கு முன் பங்கு பிரித்தபோது மாமாமார் "இடிப்போம்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஓடுகளை யாரோ லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. ட்ரெய்னிங் கொலேஜில் "உள்ளூர் வரலாற்றைக் கற்பித்தல்" என்று அசைன்மன்ட் எழுதி நல்ல புள்ளி வாங்கியவன் நான்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழையது என்பதற்குப் போட்ட எல்லையும் அந்த 1815 மார்ச் 2தான். எஹெலேபொல வீடு எல்லைக்கு அந்தப் பக்கம். நம் வீடுகள் பெரும்பாலும் இந்தப் பக்கம். பிந்திய கட்டடங்களையும் பாதுகாக்கச் சட்டத்தில் வழி உண்டு, ஆனால் யாராவது கேட்க வேண்டுமே.

அந்தப் பிள்ளைக்கு "பார்ப்போம் மகள்" என்று மட்டும் சொன்னேன். இப்போது வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, மடவளைப் பக்கம் நடுமுற்றம் உள்ள பழைய வீடு இன்னும் நின்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பிள்ளைகள் அளவு நாடாவோடு வருவார்கள். சனிக்கிழமை காலை என்றால் நல்லது, பின்னேரம் மழை.