வெளிச்சத்துக்கு முன் வடிகால்

வண்டிக் கூரையில் சன்ரூஃப் வைக்க ஆசைப்பட்டு வரும் இளையவர்கள் முதலில் விலை கேட்பார்கள். அடுத்து, "ஒழுகுமா அங்கிள்?" என்பார்கள். உள்ளே சரிந்து திறக்கும் வகை என்றால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கண்ணாடியின் ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் வரும், வரும் என்று தெரிந்துதான் அதைச் செய்திருக்கிறார்கள். வந்த தண்ணீர் எந்த வழியால் வெளியே போகும் என்று கேளுங்கள். அந்த வழியைத் தெரிந்து காப்பவருக்கு சன்ரூஃப் பல ஆண்டுகள் சுகம் தரும். தெரியாதவரின் வண்டி இரண்டு மழைக்காலத்துக்குள் நாறத் தொடங்கிவிடும்.

மெல்பேர்ணில் வண்டிக்கூடு வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். தொழிலின் அரிச்சுவடியை யாழ்ப்பாணத்தில், ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களின் அடியில் படுத்துக்கிடந்து படித்தேன். 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவை. இங்கே வந்தபின் என் கைக்கு அதிகம் வந்தவை ரொயோட்டா லாண்ட் குரூசரும் நிசான் பற்றோலும். தார் போட்ட சாலையோடு நின்றுவிடாத வண்டிகள். மரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 517 கிலோமீற்றர் நீளும் மண்பாதைக்கும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் வரிசையாகக் கிடக்கும் சிம்ப்சன் பாலைவனத்துக்கும் போய் வருபவை.

அப்படிப் போகிறவர்கள் கூரையில் கண்ணாடி கேட்பது நியாயமான ஆசை. நகர வெளிச்சம் எட்டாத இடத்தில் வண்டிக்குள் படுத்தபடி நட்சத்திரம் பார்க்கலாம். வெயிலில் நின்ற வண்டியின் அனல் மேற்கதவைத் திறந்தால் விரைவாக வெளியேறும். பின்னிருக்கைப் பிள்ளைகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். தொழிற்சாலையிலிருந்து மூடிய கூரையோடு வந்த காரை வெட்டி சன்ரூஃப் பொருத்தும் தொழிலை அமெரிக்காவில் பெரிதாக வளர்த்தவரும் ஒரு புலம்பெயர்ந்தவர்தான். ஹைன்ஸ் பிரெக்டர் 1963இல் ஜெர்மனியிலிருந்து மாணவராகப் போனார். 1965இல் லொஸ் ஏஞ்சல்சில் அமெரிக்கன் சன்ரூஃப் கம்பனியைத் தொடங்கினார். பிறகு பெரிய கார் நிறுவனங்களே அவரிடம் வேலை கொடுத்தன. ஊர் விட்டு வந்தவனுக்குக் கையில் ஒரு தொழில் எவ்வளவு பெரிய துணை என்பதை அவர் கதை எனக்கு எப்போதும் நினைவூட்டும்.

ஆனால் வெட்டுவதற்கு முன் யோசிக்க நிறைய இருக்கிறது. வெட்டிய தகட்டைத் திருப்பி ஒட்டினாலும் அது பழைய கூரை ஆகாது. பற்றரி வயரைக் கழற்றி, உள்விளக்கு, கைப்பிடி, வெயில்மறைப்பு எல்லாம் எடுத்து, கூரையின் உட்துணியை முழுதாக இறக்க வேண்டும். அப்போதுதான் குறுக்குத் தாங்கிகள் எங்கே ஓடுகின்றன, பின்னிருக்கைக்குக் குளிர்காற்றுக் கொண்டுபோகும் குழாய் எங்கே, வயர்கள் எங்கே என்று தெரியும். வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் காப்பதில் அந்தத் தாங்கிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு தாங்கிகளுக்கு நடுவே அடங்கும் கண்ணாடியைத்தான் தெரிவு செய்ய வேண்டும். பெரிய கண்ணாடிக்காகத் தாங்கியை அறுத்துத் தரச் சொன்னவர்களிடம், வேறு இடம் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கூரையோரத்தில் காற்றுப்பைகள் மடித்து வைத்திருக்கும் புதிய வண்டிகளில், வண்டி செய்தவரின் வழிகாட்டல் இல்லாமல் கைவைக்கவே கூடாது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் வண்டி மாற்றங்களுக்கு வி.எஸ்.பி. 14 என்ற தேசிய வழிகாட்டி நூல் இருக்கிறது. அதற்குமேல் அந்தந்த மாநிலத்தின் விதி இருக்கிறது. காப்புறுதி நிறுவனத்துக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் இதை வாசிப்பவர்கள் கவனிக்க: அங்கே 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. எனவே மஹிந்திரா தார் ஜீப்பின் கூரையை வெட்ட நினைக்கும் தம்பிமார் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். சன்ரூஃப் வேண்டுமென்றால் அதோடு வரும் வண்டியை வாங்குங்கள். காக்கும் முறை வெட்டிப் பொருத்தியதற்கும் தொழிற்சாலையிலிருந்தே வந்ததற்கும் ஒன்றுதான்.

வெட்டும் வேலை சில மணி நேரத்தில் முடியும். அளவுத்தாளைக் கூரையில் ஒட்டி, இரண்டு பக்கத்திலிருந்தும் அளந்து நடுவைப் பிடித்து, மூலைகளில் துளையிட்டு, நிப்ளரால் தகட்டைக் கடித்துக் கடித்துப் போக வேண்டும். கிரைண்டர் அதைவிட வேகம். ஆனால் அதன் தீப்பொறி பெயின்ற்றிலும் கண்ணாடியிலும் பதிந்து, சில நாளிலேயே துருப்புள்ளியாக எழும். வெட்டிய விளிம்பை அரத்தால் வழித்து, துரு தடுக்கும் பிரைமர் பூசி, நன்றாகக் காயவிட வேண்டும். சட்டகம் வந்து மூடிய பிறகு அந்த விளிம்பை வாடிக்கையாளர் பார்க்கப் போவதில்லை. துரு அங்கேதான் தொடங்கும். ஒருவரும் பார்க்காத அந்த விளிம்புக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறான் என்பதைக் கொண்டுதான் என்னிடம் பழக வந்த பெடியன்களை எடைபோட்டேன்.

இனி வடிகாலுக்கு வருகிறேன். கண்ணாடியைச் சுற்றியுள்ள றப்பர் பீடிங் பெரும்பாலான தண்ணீரைத் தடுக்கும். மீதி கீழே உள்ள சட்டகத்தின் பீலியில் விழும். பீலியின் நாலு மூலையிலிருந்தும் மெல்லிய குழாய்கள் இறங்கும். முன்னிரண்டும் முன்கண்ணாடித் தூணுக்குள்ளால் போகும். பின்னிரண்டும் பின்தூணுக்குள்ளால் போய் வண்டிக்கு வெளியே விடும். எங்கள் ஊர் நாற்சார் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்த வீட்டின் நடு முற்றம் வானத்துக்குத் திறந்தே இருக்கும். மழை உள்ளேதான் பெய்யும். ஆனால் தாழ்வாரம் நனையாது. பீலியும் முற்றத்தின் சரிவும் வந்த தண்ணீரை வெளியே கொண்டுபோய்விடும். அந்த வீட்டைக் கட்டியவர்கள் மழை வராது என்று நம்பிக் கட்டவில்லை.

மண்பாதைக்குப் போகும் வண்டியில் இன்னொரு சங்கதி உண்டு. சமதளத்தில் நிற்கும்போது நாலு குழாயும் தண்ணீரைப் பங்குபோட்டுக்கொள்ளும். மணல்மேட்டில் ஏறும்போது அத்தனையும் பின்னிரண்டு குழாய்களுக்குப் போய்விடும். பக்கவாட்டில் சரிந்தபடி ஏறினால் ஒரே ஒரு மூலை எல்லாவற்றையும் சுமக்கும். அந்த மூலையில் அடைப்பு இருந்தால், மற்ற மூன்றும் சுத்தமாக இருந்தும் பயனில்லை. அதனால்தான் பொருத்தி முடித்ததும், உட்துணியை மாட்டுவதற்கு முன், வண்டியை முன்பக்கம் உயர்த்தியும் தாழ்த்தியும் இரண்டு பக்கம் சரித்தும் நிறுத்தி, குழாயால் மெதுவாகத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். சமதளத்தில் மட்டும் சோதித்த வேலையை நான் முடிந்த வேலையாக எடுத்துக்கொள்வதில்லை.

குடும்பத்தையும் அப்படித்தான் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நல்ல காலத்தில் எல்லோரும் பாரத்தைப் பகிர்ந்துகொள்வது போலவே தெரியும். வேலை போன மாதத்தில், நோய் வந்த வருடத்தில், ஊரிலிருந்து மரணச் செய்தி வந்த இரவில், பாரம் முழுக்க ஒருவர் மேல் சரிகிறது. பல வீடுகளில் அது மூத்த பெண்பிள்ளை. சில வீடுகளில் அம்மா. அவர் தாங்கிக்கொள்கிறார் என்பதற்காக அவருக்கு ஒன்றும் இல்லை என்று மற்றவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஏற்றம் தொடங்கும் முன்பே அந்த மூலையைக் கவனிக்க வேண்டும்.

ஒரு நண்பரின் பற்றோல் ஒருநாள் என்னிடம் வந்தது. முன்னிருக்கையின் கீழே விரிப்பு ஈரம். கண்ணாடியில் எந்நேரமும் ஆவி. ஏற்கெனவே வேறோர் இடத்தில் விரிப்பை மாற்றி, சன்ரூஃபைச் சுற்றிச் சிலிக்கனும் பூசியிருந்தார்கள். சிலிக்கன் பூசினால் கண்ணுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் ஓடும் வண்டியின் உடல் முறுகும், பூச்சு எங்கோ மயிரிழை விடும், தண்ணீர் நுழையும். அதோடு பூச்சு வழிந்து குழாய் வாயையும் அடைத்துவிட்டால், நுழைந்த தண்ணீருக்குப் போக வழியே இல்லை. அது பீலியை நிரப்பி, உட்துணியின் மேலால் ஓடி, தூணுக்குள் இறங்கி, கால் வைக்கும் இடத்தில் வந்து தேங்கும். ஈரம் தெரியும் இடம் ஒன்று, ஒழுக்கு இருக்கும் இடம் வேறு. நாள்பட்டால் அங்கே ஓடும் வயர் இணைப்புகளும் பச்சை பிடித்துவிடும்.

அந்தக் குழாயிலிருந்து யூகலிப்டஸ் இலைத் துணுக்கும் சிவப்பு மண்ணும் சேறாக வெளியே வந்தன. நான் சுத்தம் செய்து கொண்டிருக்க, நண்பர் பக்கத்தில் நின்றார். அவர் வன்னியிலிருந்து வந்தவர். இறுதிப் போரில் தம்பியைப் பறிகொடுத்தவர். அதுபற்றி யாரிடமும் பேசியதில்லை. யாராவது கேட்டால், "அதெல்லாம் முடிஞ்ச கதை" என்பார். வீட்டில் சோற்றுக்கு உப்புக் கூடினால் கோப்பையைத் தள்ளுவார். மகனுக்குப் பரீட்சையில் புள்ளி குறைந்தால் வீடே நடுங்கும். வீட்டார் உப்பைக் குறைத்தார்கள், பிள்ளையைக் கூடுதல் வகுப்புக்கு அனுப்பினார்கள். அன்று, ஏனென்று தெரியவில்லை, அவராகவே தம்பியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இருட்டும்வரை பேசினார்.

அதன்பின் அவர் ஒரேயடியாக மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். ஆனால் மாதம் ஒருமுறை வருவார், பேசுவார், போவார். பிறகு மனைவியிடமும் பேசத் தொடங்கினார். பேசியதால் தம்பி திரும்பி வரப்போவதில்லை. துக்கமும் வராமல் நிற்கப்போவதில்லை. அதற்கு ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான். பிள்ளையின் புள்ளியைக் கேட்கும்போது அவர் குரல் இப்போது பிள்ளையின் புள்ளிக்குரிய அளவில் இருக்கிறது. எங்கள் சமூகத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதை வலிமை என்று மெச்சும் பழக்கம் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடைத்து வைத்தது பிள்ளைகளின் காலடியில்தான் வந்து தேங்குகிறது.

பொருத்திய சன்ரூஃபைக் காப்பது பெரிய வேலையல்ல. விடாமல் செய்ய வேண்டிய வேலை. கண்ணாடி ஓடும் தண்டவாளத்தில் சேர்ந்த மண்ணை ஈரத்துணியால் துடையுங்கள். மண்ணின் மேலேயே கிரீஸ் பூசினால் அது அரத்தூள் போல வேலை செய்யும். றப்பருக்குச் சிலிக்கன் எண்ணெய் நல்லது. பெற்றோலியக் கிரீஸ் றப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வண்டிக்குக் கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டாவிட்டால் மெல்லிய நைலோன் நரம்பை மெதுவாக உள்ளே விடுங்கள். கம்பி குழாயைக் கிழிக்கும். கொம்பிறசர் காற்றை வேகமாக அடித்தால் தூணுக்குள் இருக்கும் இணைப்பு கழன்றுவிடும், பிறகு தூண் முழுவதையும் பிரிக்க வேண்டிவரும். அடைபட்ட மனிதரை அணுகுகிறவர்களிடமும் நான் இந்தப் பொறுமையைத்தான் கேட்கிறேன். "இப்பவே சொல்லு" என்று அழுத்துகிறவர்கள், வரவிருந்த நாலு சொல்லையும் உள்ளே தள்ளிவிடுகிறார்கள்.

அலைஅலையான மண்பாதையில் நாட்கணக்காக ஓடிய வண்டி வீடு திரும்பியதும் சட்டகத்தின் திருகாணிகளைச் சரிபாருங்கள். இறுக்கும்போது எதிரெதிராக, அளவாக இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் சட்டகம் வளையும். புழுதிப் பாதையில் கண்ணாடியை மூடியே ஓட்டுங்கள். ஓடும் வண்டியின் மேற்கதவு திறந்திருந்தால் மேலே பாயும் காற்று உள்காற்றை இழுத்தெடுக்கும். அந்த இடத்தை நிரப்பப் பின்கதவின் இடுக்கால் புழுதி நுழையும். மூடிவிட்டு, வெளிக்காற்றை உள்ளே எடுக்கும்படி விசிறியை ஓடவிட்டால் புழுதி அவ்வளவாக வராது. பிள்ளைகளை ஓடும் வண்டியில் தலை நீட்டி நிற்க ஒருபோதும் விடாதீர்கள். எதற்கும் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உண்டு. எப்போதும் திறந்திருப்பதைச் சுதந்திரம் என்று நினைக்கும் இளையவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

வேலை முடித்து வண்டியைக் கொடுக்கும்போது, சாவியைக் கையில் வைக்கும் முன் அவரைக் குனியச் சொல்லி, நாலு குழாயும் எங்கே முடிகின்றன என்று காட்டுவேன். அவசரத்தில் இருப்பவர்களும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். வீட்டில் பெரியவர்களாக இருப்பவர்களிடம் நான் கேட்பதும் அதுவே. உங்கள் வீட்டில் ஒருவருக்கு மனம் நிறைந்து தாங்க முடியாமல் போனால், யாரிடம் போய்ப் பேசலாம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியுமா? உங்கள் பேரப்பிள்ளைக்குத் தெரியுமா? தெரியாதென்றால் இன்றைக்கே சொல்லிவையுங்கள். அவர்கள் வரும்போது கையிலிருக்கும் வேலையை விடாமலேனும், கடைசிவரை கேளுங்கள்.