போர்வையை விலக்கிப் பாருங்கள்

பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தபின், மாடி வீட்டில் வைத்துப் பார்க்க எங்களால் முடியவில்லை. ஊருக்கு வெளியே இருந்த கட்டண முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் தலை வாரி, பவுடர் பூசி, துவைத்த நைட்டியில் இருப்பார். "எப்படி இருக்கீங்க பெரியம்மா?" என்றால் பார்வை முதலில் வார்டன் பக்கம் போகும். பிறகு, "எனக்கென்னடி குறை" என்பார்.

ஒரு வேலைநாளில் அந்தப் பக்கம் போகவேண்டி வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். அறை முழுக்க மூத்திர நாற்றம். அவர் மணிக்கட்டைப் பழைய துப்பட்டாவால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். "கட்டில்லேருந்து இறங்கப் பாத்து விழுந்துடுறாங்கக்கா. ராத்திரியில இத்தனை பேருக்கும் நான் ஒருத்திதான்" என்றாள் அங்கே வேலை பார்த்த சின்னப்பெண். அவள் முகத்திலும் தூக்கமில்லை. இருவருமாகப் பெரியம்மாவைப் புரட்டியபோதுதான் முதுகின் அடியில் இருந்த படுக்கைப்புண்ணைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம், நடுவில் கருத்து, ஓரமெல்லாம் சீழ். அவ்வளவு ஆழமான புண் ஒரே ராத்திரியில் வராது.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிறகு மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குப் புகாரோடு போனேன். இல்லத்துக்குப் பதிவுச் சான்று இருந்தது, ஆய்வும் நடந்திருந்தது. கட்டடம், கழிப்பறை, தீயணைப்புக் கருவி, பதிவேடு எல்லாம் சரி என்றது அறிக்கை. முதியோரிடம் விசாரித்ததில் குறை ஏதுமில்லை என்று கடைசியில் ஒரு வரி. எப்படி விசாரித்தார்கள் என்று கேட்டேன். வார்டன் கூடவே வந்து ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தினாராம்.

ராத்திரி தண்ணீர் கேட்டால் தரவேண்டியவரை எதிரில் நிறுத்திவைத்துக் கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? "அவங்க கையாலதானேடி சாப்பிடணும்" என்றார் பெரியம்மா, ஆஸ்பத்திரிக் கட்டிலில். முதியோர் உதவி எண் 14567 அந்த இல்லத்துச் சுவரில் ஒட்டித்தான் இருந்தது. போன் இருந்தது ஆபீஸ் அறையில்.

மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளின் கடமையை விரிவாகப் பேசுகிறது. முதியவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. காசு வாங்கிக்கொண்டு பராமரிக்கும் தனியார் இல்லங்களைப் பற்றி அதில் அநேகமாக ஒன்றுமில்லை. அவற்றுக்கு நாடு முழுவதும் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்க 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்த திருத்த மசோதா, நிறைவேறாமலே 2024இல் காலாவதியானது. அமெரிக்காவில் 1987இல் வந்த சட்டம், ஆய்வுத் தேதியை இல்லத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறவருக்கு 2,000 டாலர் வரை அபராதம் என்றது. பணியாளரின் வசதிக்காக முதியவரைக் கட்டிவைக்கவோ மருந்தால் மயக்கிவைக்கவோ கூடாது என்றது. அங்கும் கொடுமை ஒழிந்துவிடவில்லை. ஆனால் எங்கே பார்க்கவேண்டும் என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட கொடுமைகள் வெளியே வந்ததும், அங்கே சேர்த்த முதியவர் ஒருவரைக் காணோம் என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான். நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அந்த முதியவரைத் தேட ஆள் இருந்தது. தேட ஆளில்லாதவர்களுக்கு அரசாங்கம்தானே சொந்தம்? பெரியம்மாவுக்கு நான் இருந்தேன். அடுத்த கட்டிலில் இருந்த அம்மாவைப் பார்க்க எந்த ஞாயிற்றுக்கிழமையும் யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்திருக்கிறேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் சொல்லாமல் வரவேண்டும், கூட ஒரு நர்ஸ் வரவேண்டும், வார்டனை வெளியே அனுப்பிவிட்டுப் பேசவேண்டும், போர்வையை விலக்கி முதுகையும் குதிகாலையும் பார்க்கவேண்டும், ராத்திரி வேலைக்கு எத்தனை பேர் என்பதை ராத்திரியிலேயே வந்து எண்ணவேண்டும் என்று எழுதியிருந்தேன். 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. அடுத்த கட்டில் அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். வரும் திங்கட்கிழமையும் போகிறேன்.